வெள்ளிக்கிழமைக் கயிறு

சிலாபத்துக்கு வடக்கே கன்னியாஸ்திரிகள் நடத்திய பாலர் வகுப்பில் நான் பிள்ளை பார்க்கிற வேலையில் இருந்தேன். வெள்ளைக்காரன் ஆட்சியின் கடைசிக் காலம். எனக்குப் படிப்பென்றால் என் பெயரை எழுதுவேன், ஜெபப் புத்தகத்தை எழுத்துக் கூட்டி வாசிப்பேன், அவ்வளவுதான். ஆனால் எப்படி அழுகிற பிள்ளையும் என் இடுப்பில் ஏறினால் அடங்கிவிடும். அதை எந்தச் சிஸ்டரும் செய்து காட்டட்டும்.

மற்ற நாட்களில் மணலில் விரலால் அ, ஆ. வெள்ளிக்கிழமை மட்டும் எழுத்து இல்லை. ஒரு வாரம் களிமண், அடுத்த கிழமை ஓலையில் கிலுகிலுப்பை, இன்னொரு கிழமை பாட்டு. கடல் அடங்கிய மாதங்களில் சிப்பி பொறுக்கக் கரைக்குப் போவோம். புதிதாக வந்த இளம் சிஸ்டருடைய யோசனை அது. தாய்மார் வாசலில் வைத்தே என்னைப் பிடிப்பார்கள்.

"எழுத்துப் படிக்க அனுப்பினா மண் அளையவா கூட்டிப் போறீங்க? மண் எங்கட வளவிலயும் கிடக்குதுதானே!"

கரைக்குப் போகிற கிழமை என்றால் எனக்கு முதல் நாளே பயம். கடல் யாருக்கும் உறவு இல்லை. அதனால் ஒரு தும்புக் கயிற்றில் முடிச்சுகள் போட்டு, பிள்ளைக்கு ஒரு முடிச்சு என்று பிடிக்க வைப்பேன். முன்னால் சிஸ்டர், பின்னால் நான். முடிச்சை விட்ட பிள்ளை அடுத்த முறை வரக்கூடாது என்பது என் சட்டம்.

அன்றைக்குக் கரையில் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தார்கள். ஆட்கள் வரிசையாக நின்று, பாட்டுச் சொல்லி, பின்னுக்கு நடந்து நடந்து கயிற்றை இழுப்பார்கள். எங்கள் பிள்ளைகளில் பாதிப் பேர் அந்த ஆட்கள் பெற்றவர்கள். பாட்டு காதில் விழுந்ததும் என் கயிறு மணலில் கிடந்தது. எல்லாரும் ஓடிப்போய் வலைக் கயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். கயிற்றில் கை வைத்தவனுக்கு மீனில் பங்கு உண்டு என்பது, அ தெரியும் முன்பே அவர்களுக்குத் தெரியும்.

"சிஸ்டர், நல்ல ஆக்களைத்தான் கொண்டு வந்திருக்கிறீங்க. கிழமைக்குக் கிழமை அனுப்புங்க!" என்று இழுக்கிறவர்கள் சிரித்தார்கள்.

பிள்ளைகளை ஒவ்வொருத்தராகப் பிரித்தெடுத்து மறுபடி முடிச்சில் நிறுத்தினோம். ஒரு முடிச்சுக்கு ஆள் இல்லை. தென்னந்தோட்டத்துக் கணக்கப்பிள்ளையின் மகள். வீட்டுக்குள்ளேயே வளர்ந்தவள். அலையைக் கண்டாலே என் சீலையைப் பிடிப்பவள்.

சிஸ்டர் வெள்ளை உடுப்போடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டார். நான் பிள்ளையின் பெயரைச் சொல்லிக் கத்தினேன். நுரையில் கறுப்பாக எது உருண்டாலும் தலைமயிர் போலத் தெரிந்தது. கிட்டப் போனால் பாசி. இழுக்கிறவர்கள் பாட்டை நிறுத்திவிட்டார்கள்.  வலை கரைக்குக் கிட்ட வந்துகொண்டிருந்தது. அதற்குள் என்ன வரும் என்று பார்க்க எனக்கு நெஞ்சு வரவில்லை. கடலுக்கு முதுகைக் காட்டித் திரும்பினேன்.

திரும்பியபடியால் கண்டேன். மேட்டில், இழுத்து வந்த கயிற்றை ஒரு கிழவர் வளையம் வளையமாகச் சுருட்டிக் குவித்திருந்தார். அந்தக் குவியலுக்குப் பின்னாலிருந்து ஒரு சின்னக் கை கயிற்றின் வாலைப் பிடித்திருந்தது. அவள்தான்.

"அப்பு, நாங்க கத்தினது கேக்கலையா?"

"கேட்டது. கடலைப் பாத்தெல்லோ கத்தினீங்க. இது எங்கட ஆக்கள்ட பிள்ளை எண்டு நினைச்சன். நல்லா வேலை செய்யுது."

"நீ ஏனடி வாய் திறக்கல்ல?"

"கயித்தை விட்டா பங்கு தரமாட்டாங்களாம், அக்கா."

பங்கு வாங்காமல் வரமாட்டேன் என்று நின்றாள். வலை கரையேறும்வரை நாங்களும் நின்றோம். கிழவர் அவள் சட்டை மடியில் கொஞ்சம் சாளை மீன் போட்டார்.

பள்ளிக்கூட வாசலில் அவள் தாய் காத்திருந்தார். மீன் மணத்துக்கு மூக்கைச் சுளித்தார்.

"இண்டைக்கு என்னதான் படிப்பிச்சீங்க?"

"உழைச்சுச் சாப்பிடப் படிச்சிருக்கிறா," என்றேன். தலையைக் குனிந்து சொல்லவில்லை.

தாய் பிள்ளையை வாங்கக் கை நீட்டினார். பிள்ளை வரவில்லை. பிடித்து இழுத்தார்.

"கையை விடுங்களேன், அவளுக்கு நோகுது."

அப்போதுதான் பார்த்தேன். கரையில் அவளைக் கண்டதும் பிடித்த மணிக்கட்டை நான் இன்னும் விடவில்லை. சிஸ்டர் வந்து என் விரல்களை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.