தெருமூடி மடத்தடியில் ஒரு படப்பிடிப்பு

சுவர்ணா மருதனார்மடச் சந்திக்குக் கிட்ட ஒரு சின்ன அழகுநிலையம் வைத்திருக்கிறாள். பரு உடைந்து நீர் கசிகிற முகம், எண்ணெய் வழிகிற முகம், வியர்வையில் உப்புப் பூத்த கழுத்து என்று அவள் கைபடாதது ஒன்றுமில்லை. அவளுக்கு ஒருநாளும் அருவருப்பு வந்ததில்லை. அது வந்தது ஒரேயொரு நாள்தான். அன்றைக்கு அவள் தொட்டது நல்ல வடிவான, சுத்தமான ஒரு மணப்பெண்ணின் முகத்தை.

சுவர்ணா பிறந்தது மயிலிட்டிக் கடற்கரையில். போரில் ஊர் இடம்பெயர்ந்தபோது அவளுக்குப் பத்து வயது. தகப்பன் கதிரவேலு குடும்பத்தைக் கூட்டிக்கொண்டு பருத்தித்துறைக் கரைக்குப் போனார். அங்கே யாரோ ஒருவரின் வள்ளத்தில் ஏறித் தொழில் செய்தார். கரையோரச் சனத்துக்குத் தொழில் என்றால் கடற்றொழில்தான். மகள் வளர்ந்து, கொழும்பு வெள்ளவத்தையில் ஒரு பார்லரில் வேலை பழகி, மோட்டார் சைக்கிள் திருத்துகிற கஜீவனைக் கலியாணம் முடித்து மருதனார்மடத்துக்கு வந்து சேர்ந்தாள். வாடிக்கையாளர்கள் உடுவில், சுன்னாகம் பக்கத்துத் தோட்டக்காரக் குடும்பங்கள். எந்த ஊர் என்று கேட்டால், "இஞ்சை பக்கத்திலைதான்" என்பாள். அது பொய்யுமில்லை. மேற்கொண்டு யாரும் கேட்கவில்லை, ஊரோடு சாதியும் தெரிந்துவிடும் என்று அவளும் சொல்லவில்லை.

உடுவில் நிவேதனாவுக்குக் கனடாவில் இருந்து வந்த தனோஜனோடு கலியாணம் நடந்தது. தாலி கட்டிய நான்காம் நாள், படம் பிடிக்கவென்று பருத்தித்துறைக்குப் போவதாக ஏற்பாடு. ஒரு வான் வண்டியில் மாப்பிள்ளை, பொம்பிளை, மாப்பிள்ளையின் தாய் குணலட்சுமி, படப்பிடிப்பாளன் ஜெரிசன், ஒப்பனைக்குச் சுவர்ணா. குணலட்சுமி கனடாவுக்குப் போய் முப்பத்தைந்து வருடம். ஊரைவிட்டுப் போன அன்றைக்கு இருந்த மனதை அப்படியே பெட்டியில் பூட்டிக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவந்திருந்தார். வான் வல்லை வெளியைத் தாண்டும்போது உடுவிலில் இன்ன வளவு இன்னாருடையது, இன்னாரோடு இன்னார் சம்பந்தம் செய்ய மாட்டினம் என்பதைத்தான் கதைத்துக்கொண்டு வந்தார். சுவர்ணாவை மட்டும் "பிள்ளை, நீர் நல்ல கைகாரி" என்று மூன்று நான்கு தரம் புகழ்ந்தார்.

பருத்தித்துறையில் தும்பளைப் பக்கம் போகிற தெருவில் தெருமூடி மடம் நிற்கிறது. பெயரே அதன் அமைப்பை விளக்கிவிடும். தெருவின் இரு கரையிலும் உயர்ந்த கல்மேடை, மேடையில் வெள்ளைச் சுண்ணக்கல் தூண்கள், தூண்களின் மேல் தெருவையே மூடிய கூரை. சைக்கிளும் ஓட்டோவும் மடத்தின் வயிற்றுக்குள்ளால் புகுந்து மறுபக்கம் வெளிப்படும். வெயிலில் நடந்து வருகிறவன் மேடையில் சரிந்து களை ஆறட்டும் என்று எவரோ புண்ணியவான் கட்டியது. அப்படி ஒரு கட்டடத்தை வேறெங்கும் தான் கண்டதில்லை என்று ஜெரிசன் கமெராவைத் தூக்கிக்கொண்டு ஓடினான்.

மேடையில் ஒரு கிழவர் துவாயை விரித்துப் படுத்திருந்தார். ஜெரிசன் அவரை எழுப்பி அப்பால் போகச் சொன்னான். அவர் படுத்த இடத்தில் போத்தல் தண்ணீரை ஊற்றிக் கழுவச் சொன்னார் குணலட்சுமி. தெருவை மறித்து வானைக் குறுக்கே விட்டார்கள். நடந்து போகிறவனுக்காகக் கட்டிய மடத்தின் வாயை அடைத்துவிட்டு, நிவேதனா தூணில் சாய்ந்து நாணப்பட்டாள், தனோஜன் அவளுடைய தாடையை நிமிர்த்தினான். பின்னால் பள்ளிக்கூடப் பிள்ளைகள் சைக்கிளோடு காத்து நின்றார்கள். சுவர்ணாவுக்கு அப்போதே வாய் கசந்தது.

அதைவிடக் கசந்தது முகப்பூச்சு. நிவேதனா மாநிறம், மினுங்குகிற தோல். காலையிலேயே மாமியின் சொல்லுக்காக இரண்டு நிறம் கூட்டித்தான் பூசியிருந்தாள் சுவர்ணா. குணலட்சுமிக்கு அது போதவில்லை.

"இன்னும் கொஞ்சம் வெளுப்பிக்கலாம் தானே பிள்ளை. பின்னாலை கல்லெல்லாம் வெள்ளையா நிக்குது. இவள் அதுக்குள்ளை கறுப்பாத் தெரிவாள்."

நிவேதனா தூரிகைக்கு முகத்தை நீட்டினாள். சுவர்ணா முகத்துக்குப் பூசினாள், கழுத்துக்குப் பூசினாள், முழங்கைக்கும் விரல் நுனிக்கும் பூசினாள். வெக்கையில் வியர்வை கிளம்பிப் பூச்சு மாவாகத் திரண்டது. அதன்மேல் மறுபடி பூசினாள். சுவருக்கு வெள்ளை அடிக்கிற மாதிரி இருந்தது. செய்வது தன் கைதான் என்பதால் அருவருப்பு இன்னும் கூடியது.

அந்த நேரத்தில் கரைப் பக்கமிருந்து மீன்பெட்டி ஏற்றிய ஓட்டோ ஒன்று வந்து வானுக்குப் பின்னால் நின்று ஹோர்ன் அடித்தது. பெட்டியில் இருந்து ஐஸ்தண்ணீர் ஒழுகித் தெருவில் கோடு போட்டிருந்தது. குணலட்சுமி சேலைத்தலைப்பால் மூக்கைப் பொத்தினார். கைப்பைக்குள் இருந்து வாசனைச் சென்ற் போத்தலை எடுத்துச் சுற்றிவர அடித்தார்.

"உந்த நாத்தத்துக்குள்ளை உதுகள் எப்பிடித்தான் சீவிக்குதுகளோ. குளிச்சாலும் போகாது. பிறப்பிலையே ஊறினது."

சொல்லிவிட்டுச் சுவர்ணாவைப் பார்த்துச் சிரித்தார். தங்கள் ஆட்களுக்குள்ளே சிரிக்கிற சிரிப்பு. சுவர்ணாவின் உதடும் தன்பாட்டில் பாதி விரிந்துவிட்டது. அந்தப் பாதிச் சிரிப்பை நினைத்து அவள் பிறகு பல நாள் வெந்தாள்.

வானை நகர்த்தாததால் ஓட்டோக்காரர் இறங்கி வந்தார். சண்டைக்குத்தான் வந்தார். வந்தவர் ஒப்பனைப் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றவளை உற்றுப் பார்த்தார்.

"நீ கதிரவேலண்ணையின்ரை மகளெல்லோ? சுவர்ணா?"

"ஓம் அண்ணை."

"அப்பான்ரை செத்த வீட்டுக்குப் பிறகு உன்னைக் காணவேயில்லை. சுகமா இருக்கிறியோ?"

சுகம் என்றாள். பிள்ளைகளை விசாரித்தார். ஐஸ் கரைகிறது, வானை எடுக்கச் சொல் என்று சொல்லிவிட்டுப் போய் ஓட்டோவில் ஏறினார். ஜெரிசன் வானை ஒதுக்கினான். ஓட்டோ மடத்துக்குள்ளால் போய் மறைந்தது.

குணலட்சுமி சென்ற் போத்தலைக் கைப்பைக்குள் போட்டு மூடினார். பிறகு அந்த ஆளை எப்படித் தெரியும் என்று கேட்டார். அப்பாவோடு ஒரே வள்ளத்தில் தொழிலுக்குப் போனவர் என்றாள் சுவர்ணா.

"அப்ப நீ அந்த ஆக்களோ?"

காலையில் இருந்து "நீர்" என்று கதைத்தவர் கண்மூடித் திறப்பதற்குள் "நீ" என்று இறங்கியிருந்தார். சுவர்ணா தூரிகையை எடுத்துக்கொண்டு நிவேதனாவின் தாடையைப் பிடிக்கப் போனாள். குணலட்சுமி குறுக்கே வந்து தூரிகையை அவள் கையில் இருந்து வாங்கினார்.

"விடு, நான் பூசுறன். நீ எப்பிடியெண்டு சொல்லு, அது போதும்."

சொல்லிவிட்டு ஈரத் துடைப்புத்தாள் ஒன்றை இழுத்து எடுத்து, சுவர்ணா அதுவரை பிடித்திருந்த தாடையை அழுத்தித் துடைத்தார். பூச்சு போய் அந்த இடத்தில் மட்டும் நிவேதனாவின் சொந்த நிறம் தெரிந்தது. நிவேதனா கைக்கண்ணாடியைப் பார்த்தபடி இருந்தாள். தனோஜன்தான் பக்கத்தில் வந்து மெல்லிய குரலில் கதைத்தான்.

"அம்மா பழைய ஆள் அக்கா. எனக்கு உதிலை ஒண்டும் நம்பிக்கையில்லை. மனசிலை வைக்காதேங்கோ. பின்னேரம் கடற்கரை வெளிச்சவீட்டடியிலையும் எடுக்க வேணும், அதுமட்டும் நிண்டு சொல்லிக் குடுங்கோ."

தாயின் சொல் சுவர்ணாவுக்குப் புதிதல்ல. சின்ன வயதில் கேட்டுப் பழகியது. மகனின் இந்த மெல்லிய குரல்தான் அருவருப்பாக இருந்தது. நம்பிக்கை இல்லாதவன் தாயிடம் ஒரு சொல் சொல்லவில்லை. இவளிடம் வந்து பொறுத்துப் போகச் சொல்கிறான். அவள் பெட்டியை மூடினாள்.

"மாமியே பூசட்டும் தம்பி. நான் வாறன்."

குணலட்சுமியின் கையில் இருந்த தூரிகை விலைகூடியது, கொழும்பில் வாங்கியது. அதை அவள் திருப்பிக் கேட்கவில்லை. கேட்டு வாங்கித் தன் பெட்டிக்குள் வைக்க மனம் ஒப்பவில்லை. எழுப்பிவிட்ட கிழவர் தெருவோரத்து மதில் நிழலில் குந்தியிருந்து எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அவரைக் கடந்து பஸ் நிலையத்துக்கு நடந்தாள். வழியில் ஒரு கடையில் தேத்தண்ணீர் வாங்கினாள். ஒரு வாய் குடித்துவிட்டு மிச்சத்தை அப்படியே வைத்தாள். யாழ்ப்பாணம் போய்ப் பஸ் மாறி வீட்டுக்கு வர மத்தியானம் கழிந்துவிட்டது. நெடுநேரம் சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினாள். நகக்கண்ணில் அந்த வெள்ளைப் பூச்சு ஒட்டியிருந்தது.

கஜீவன் விசயத்தைக் கேட்டுவிட்டு, அவர்களுடைய வீட்டுக்குப் போய் நாலு கேள்வி கேட்கவேண்டும் என்று நின்றான். சுவர்ணா தடுத்தாள். அந்த வாசலை மிதிக்கவே தனக்கு அருவருப்பாக இருக்கிறது என்றாள். நிவேதனா போனில் மன்னிப்புக் கேட்டு எழுதி, கூப்பிய கைகளின் படத்தையும் போட்டிருந்தாள். சுவர்ணா மறுமொழி அனுப்பவில்லை. ஒரு கிழமைக்குள் படங்கள் முகநூலில் வந்தன. தூணும் பொம்பிளையும் ஒரே வெள்ளை. தேவதை மாதிரி என்று நூறு பேர் எழுதியிருந்தார்கள். அவள் போனைக் கவிழ்த்து வைத்தாள்.

கதை உடுவிலில் பரவியது. பேசிவைத்த இரண்டு கலியாண ஒப்பனைகள் காரணம் சொல்லாமல் நின்றுபோயின. இதற்காக அவள் கடையைப் பூட்டவுமில்லை, யாரையும் தேடிப் போய்க் கெஞ்சவுமில்லை. நிறம் கூட்டிப் பூசச் சொல்லி வருகிறவர்களிடம் தான் அப்படிப் பூசுவதில்லை என்று முதலிலேயே சொல்லிவிடத் தொடங்கினாள். அதனால் இன்னும் சிலர் போனார்கள்.

போன மாதம் பண்டத்தரிப்பில் இருந்து யசிந்தா என்று ஒரு பள்ளிக்கூட ரீச்சர் புருவம் எடுக்க வந்தார். நூல் ஓடிக்கொண்டிருக்கும்போது எந்த ஊர் என்று கேட்டார்.

"மயிலிட்டி. அப்பா கடற்றொழில்."

சொல்லிவிட்டுச் சுவர்ணா கையை நிறுத்தினாள். ரீச்சர் கண்ணைத் திறக்கவில்லை.

"அப்ப உமக்குத் தெரிஞ்ச ஆக்களிட்டைச் சொல்லி ஒரு நல்ல அறக்குளா மீன் எடுத்துத் தரலாமோ? சந்தையிலை விக்கிறது எல்லாம் ஐஸ் அடிச்ச பழசு."

இதற்குக் கோபப்படுவதா சிரிப்பதா என்று சுவர்ணாவுக்குப் பிடிபடவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றுவிட்டு, மற்றப் புருவத்துக்கு நூலை இழுத்தாள்.