பட்டியலில் இல்லாத கிரிகரி

அமுதவள்ளி அக்காவுக்குக் கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைப்பார். அதற்குப் பிறகு எதிரில் நிற்பவர் பாடு திண்டாட்டம்தான். பிரிக்பீல்ட்ஸிலிருந்து தினமும் ரயிலேறிக் கிள்ளானுக்கு வந்து, எங்கள் சரக்குக் கம்பெனியின் கம்ப்யூட்டர்களைக் கட்டி மேய்ப்பவர் அவர்தான். நான் கணக்குப் பிரிவு. பக்கத்து மேசைக்காரி என்ற உரிமையில் அவரை அதிகம் சீண்டுவதும் நான்தான். ஐம்பது வயதில் கம்ப்யூட்டர் திரைக்கு வாழையிலைப் பச்சை போட்டு ரசிக்கிற ஆளைச் சீண்டாமல் வேறு யாரைச் சீண்டுவது?

எங்கள் வேலையெல்லாம் ஒரே சர்வரில் நடக்கிறது. ஆபீஸிலிருந்தாலும் வீட்டிலிருந்தாலும் சர்வரின் திரையை வரவழைத்து, அதற்குள் டெர்மினல் என்கிற ஜன்னலைத் திறந்து கட்டளைகளைத் தட்ட வேண்டும். 'ஹூ', அதாவது 'யார்' என்று ஆங்கிலத்தில் தட்டினால், அந்த நேரத்தில் உள்ளே இருப்பவர்களின் பெயர்ப் பட்டியல் வந்து நிற்கும். எங்கள் மேனேஜர் வேலாயுதத்துக்கு அந்தப் பட்டியல்தான் வருகைப் பதிவேடு. காலையில் தேநீரோடு அதை ஒரு முறை பார்க்காவிட்டால் அவருக்குத் தேநீர் இறங்காது.

சுங்கப் படிவங்களைப் பார்க்கிற கிரிகரி மட்டும் ரவாங்கில் வீட்டிலிருந்தே வேலை செய்கிறார். அவர் மனைவி லூசிக்குப் பக்கவாதம் வந்த பிறகு வேலாயுதமே மனமிரங்கிக் கொடுத்த சலுகை அது. ஆனால் சில வாரங்களாகப் பட்டியலில் கிரிகரியின் பெயரைக் காணோம். படிவங்கள் என்னவோ முடிந்துகொண்டுதான் இருந்தன. பகலெல்லாம் எங்கோ சுற்றிவிட்டு ராத்திரியில் செய்கிறார் போலிருக்கிறது என்று வேலாயுதம் முடிவு கட்டிவிட்டார். திங்கட்கிழமையிலிருந்து ஆபீஸுக்கே வந்துவிட வேண்டும் என்றும் சொல்லிவிட்டார்.

கிரிகரி எதிர்த்துப் பேசுகிறவர் அல்ல. அக்காவுக்குப் போன் செய்து, தினமும் காலை எட்டரைக்கே உட்கார்ந்துவிடுவதாகவும், தன் பெயர் ஏன் வரவில்லை என்று தெரியவில்லை என்றும் மட்டும் சொன்னார். அவர் கிள்ளானுக்கு வர ஆரம்பித்தால் லூசியைப் பார்த்துக்கொள்ள ஆளில்லை. செமினியில் ஒரு பராமரிப்பு இல்லத்தில் இடம் கேட்டு வைத்திருக்கிறாராம். 

அன்று அக்கா மதியச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. முதலில், உள்ளே வருகிறவர்களின் பெயரைக் குறித்து வைக்கிற கோப்பு கெட்டுவிட்டதோ என்று பார்த்தார். அது நன்றாகவே இருந்தது. பிறகு தன் திரையில் பழைய டெர்மினலைத் திறந்தார். பட்டியலில் அவர் பெயர் வந்தது. மூடினார், போய்விட்டது. அடுத்து, கிரிகரி பயன்படுத்துகிற புதிய டெர்மினலைத் திறந்தார். பட்டியலில் ஒன்றும் வரவில்லை. இன்னொரு முறை திறந்தார். அப்போதும் இல்லை. கிரிகரி நாள் முழுக்க உள்ளேயே இருந்திருக்கிறார். வாசலில் கையெழுத்துப் போடத் தெரியாத ஜன்னல் வழியாகப் போனதுதான் வினை.

அக்கா என் பக்கம் திரும்பினார்.  கண் புரையால் எழுத்துத் தெரியவில்லை என்று கிரிகரி ஒரு முறை சொல்லப்போக, பெரிய எழுத்து வருகிற அந்த ஜன்னலைத் தேடிப்பிடித்துப் போட்டுக் கொடுத்ததே அக்காதான். பிள்ளையார் பிடிக்கக் குரங்காகிவிட்டது.

பழைய ஜன்னலிலேயே எழுத்தைப் பெரிதாக்கிக் கொடுத்துவிட்டால் பெயர் தானாக வந்துவிடும், யாருக்குத் தெரியப்போகிறது என்றேன். கண்ணாடி கழன்று மேசைக்கு வந்தது. இத்தனை நாள் அந்த மனிதர் ஏமாற்றினார் என்று ஒருவர் நம்பிக்கொண்டிருக்கிறாரே, அதை யார் சரிசெய்வது என்று கேட்டுவிட்டு, மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வேலாயுதத்தின் அறைக்கு நடந்தார். மனசு கேட்காமல் நானும் பின்னாலேயே போனேன்.

இரண்டு ஜன்னலையும் மாற்றி மாற்றித் திறந்து காட்டினார். கிரிகரி சேமித்த படிவங்களின் நேரங்களையும் காட்டினார். எல்லாம் காலையிலும் மதியத்திலும் சேமித்தவை. வேலாயுதம் நம்பாமல் தன் பெயரில் உள்ளே போய்ப் புதிய ஜன்னலை ஒரு முறை திறந்து பார்த்தார். அவர் பெயரும் வரவில்லை.

"நான்தான் பாஸ் அவருக்கு மாத்திக் குடுத்தேன். எழுத்து பெருசா வருதான்னு பார்த்தேன், பேரு வருதான்னு பார்க்கல. தப்பு என்னோடது" என்றார் அக்கா.

 வேலாயுதத்திடம் எனக்குப் பிடிக்காதது பத்து உண்டு. ஆனால் தப்பு என்று தெரிந்துவிட்டால் தள்ளிப்போடுகிற ஆள் இல்லை. அங்கேயே போனை ஸ்பீக்கரில் போட்டு ரவாங்குக்கு அழைத்தார்.

"கிரிகரி, திங்கக்கெழம நீங்க வர வேணாம் லா. வீட்டுலயே செய்ங்க. நான்தான் தப்பா நெனச்சிட்டேன்."

 ஒரு நிமிடம் இருக்கச் சொல்லிவிட்டு, கிரிகரி போனை எங்கோ வைத்துவிட்டுப் போனார். செருப்புச் சத்தம் கேட்டது. உள்ளே அவர் மெதுவாக ஏதோ சொல்வது கேட்டது. அதற்குப் பிறகு லூசியின் குரல், ஒவ்வொரு சொல்லாக, சிரமப்பட்டு வந்தது.

"அப்ப என் துணியெல்லாம் பையிலேர்ந்து வெளிய எடுங்க."