தூக்கக் கூடாத காலம்

இரத்தப்போக்கு அதிகமானதும் நான் முதலில் செய்த காரியம், இரண்டு கறுப்புக் கால்சட்டை வாங்கியதுதான். மருத்துவரிடம் போகவில்லை.

மலேசியாவில், ஈப்போ நகரத்தில் ஒரு முதியோர் இல்லத்தில் பராமரிப்பாளராக இருந்தேன். சீருடையாக மேலே நீலச் சட்டை. கீழே எந்த நிறமும் போடலாம். கறுப்பில் கறை தெரியாது. மாதத்தில் பாதி நாள் இரத்தம் போனது. கட்டி கட்டியாகப் போனது. வயது நாற்பத்து நான்கு. மாதவிடாய் நிற்கப் போகிற காலத்தில் இப்படித்தான் இருக்கும் என்று நானே ஒரு காரணம் சொல்லிக்கொண்டேன். இதைப் படிக்கிற யாராவது இப்படி உடையின் நிறத்தை மாற்றிச் சமாளித்துக்கொண்டிருந்தால், தயவுசெய்து இன்றைக்கே ஒரு மருத்துவரைப் பாருங்கள்.

ஒரு காலையில், ஒரு பாட்டியைக் குளியலறைக்குச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போகும்போது கண் இருட்டியது. என்னோடு வேலை செய்யும் தேவி பிடித்துக்கொண்டாள். என்னைவிடப் பத்து வயதுக்கு மேல் இளையவள். அவள்தான் கிளினிக்குக்கு அழைத்துப் போனாள். ஹீமோகுளோபின் (இரத்தத்தில் உயிர்வளியைச் சுமக்கும் சிவப்புப் பொருள்) இருக்க வேண்டியதில் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. அங்கிருந்தே பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவிட்டார்கள்.

ஸ்கேன் எடுத்ததில் ஃபைப்ராய்டு (கருப்பைத் தசையில் வளரும் கட்டி, பெரும்பாலும் புற்றுநோய் அல்ல) என்று தெரிந்தது. மருத்துவர் இளம் தமிழ்ப்பெண்.

"அக்கா, கட்டி ஒன்னு ரெண்டு இல்ல. பெருசாவும் இருக்கு. கர்ப்பப்பையையே எடுத்துறது நல்லது."

என் கணவர் சேவியர் பக்கத்தில் இருந்தார். தாப்பாவிலிருந்து காய்கறி ஏற்றி வரும் லாரி ஓட்டுபவர். அன்று ஓட்டத்துக்குப் போகாமல் என்னோடு வந்திருந்தார். அவர் கேட்ட முதல் கேள்வி:

"எடுத்தா மறுபடி எப்ப வேலைக்குப் போலாம் டாக்டர்?"

எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை. நான் கேட்க நினைத்ததும் அதுதான்.

"என்ன வேலை செய்றீங்க?"

"வயசானவங்கள பாத்துக்கிற வேலை," என்றேன்.

"சரி, ஆறு வாரம் எம்.சி. லீவு தரேன். கனமா எதையும் தூக்காதீங்க. அப்புறம் பாக்கலாம்."

நாங்கள் மூன்று பேரும் தலையாட்டிக்கொண்டோம்.

அறுவைச் சிகிச்சையைப் பற்றிச் சொல்ல என்னிடம் அதிகம் இல்லை. குளிர், வெள்ளை விளக்கு, முகத்தில் வைத்த மூடி. விழித்தபோது அடிவயிறு எனக்குச் சொந்தமில்லாத ஒரு பாரம்போலக் கிடந்தது. சூலகங்களை (முட்டை உருவாகும் உறுப்புகள்) விட்டுவைத்திருந்தார்கள். இருமல் வந்தால் தலையணையை வயிற்றில் அழுத்திப் பிடித்துக்கொள்ளச் சொல்லிக் கொடுத்தார் ஒரு மலாய்த் தாதி. வீட்டுக்கு வந்த பிறகும் அதைச் செய்தேன். உங்களுக்கும் உதவும்.

நான் அழுவேன் என்று நினைக்கவில்லை. ஒரே மகள் கல்யாணமாகி ஜொகூரில் இருக்கிறாள். இனி எனக்கு எதற்குக் கருப்பை? ஆனால் வீட்டுக் குளியலறை அலமாரியில் பிரிக்காத நாப்கின் பொட்டலங்கள் அடுக்கியிருந்தன. பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டு எல்லாவற்றையும் கொடுத்தேன். அவள் போன பிறகு குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

அம்மா வந்து கூட இருந்தார். சுங்கை சிப்புட் பக்கம், ஒரு காலத்தில் ரப்பர்த் தோட்டமாக இருந்த இடத்தில் இன்னும் இருக்கிறார். வாழ்நாள் முழுவதும் பால்மரம் வெட்டி ரப்பர்ப் பால் எடுத்தவர். எனக்குக் கஞ்சி வைத்தார், துணி துவைத்தார். நான் படுத்திருப்பதைப் பார்க்கத்தான் அவரால் முடியவில்லை.

"நாங்கள்லாம் புள்ளையப் பெத்துப் போட்டுட்டு, முப்பது நாளு கழியறதுக்குள்ள தோள்ல காண்டாக் கம்பு வச்சு ரெண்டு வாளிப் பாலத் தூக்கிட்டு நடந்தோம். நீ என்னா புள்ள, இன்னும் படுத்தே கெடக்குற?"

எழுந்து உட்கார்ந்துகொண்டேன்.

வெளிக்காயம் சீக்கிரம் ஆறியது. அடிவயிற்றுக் கோடு காய்ந்து, மங்கி, வலியில்லாமல் போனது. அதைப் பார்த்துத்தான் நான் ஏமாந்தேன். கருப்பையை எடுத்தபின் பிறப்புப் பாதையின் மேல்முனையை உள்ளே தைத்து மூடியிருப்பார்கள். அந்தத் தையல் ஆறியதா என்று கண்ணாடியில் பார்க்க முடியாது.

இல்லத்தின் மேலாளர், நாங்கள் மேடம் என்று கூப்பிடும் சீனப் பெண்மணி, இரண்டு முறை தொலைபேசியில் அழைத்தார். "பிலா போலே மாசோக்?" எப்போது வேலைக்கு வர முடியும் என்று அந்த மலாய்க் கேள்வியை மென்மையாகத்தான் கேட்டார். அவரிடம் தெரியாது என்று சொல்ல எனக்குச் சிரமமாக இல்லை. தேவியிடம்தான் சொல்ல முடியவில்லை.

"அக்கா, எப்ப வாரீங்க? நீங்க இல்லாம நான் ஒருத்தியே தூக்குறேன்லா. நேத்து குனிஞ்சேன், நிமிர முடியல. முதுகு போச்சுக்கா."

"வேற ஆளு போடலையா?"

"ஒருத்தி வந்தா, மூனு நாள்ல ஓடிட்டா."

ஆறு வாரம் கழித்து மறுசோதனைக்குப் போனேன். அன்று வேறு மருத்துவர். வாசலில் நீண்ட வரிசை. வலி இருக்கிறதா, காய்ச்சல் இருக்கிறதா என்று மலாயில் கேட்டார். இல்லை என்றேன். அடிவயிற்றில் இருந்த கனத்தை நான் வலி என்று நினைக்கவில்லை. வயிற்றுக்கோட்டைப் பார்த்துவிட்டு, எல்லாம் நன்றாக இருக்கிறது என்றார். அடுத்த திங்கட்கிழமை வேலைக்குப் போனேன்.

முதல் சில நாள் தேவி என்னை எதையும் தூக்க விடவில்லை. ஊட்டிவிட்டேன், தலை சீவிவிட்டேன், துணி மடித்தேன். சாயங்காலம் கால் வீங்கியது. அதைத் தவிர ஒன்றுமில்லை. முடிந்துவிட்டது, மீண்டுவிட்டேன் என்று நினைத்தேன்.

பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துபோன சீனத் தாத்தா ஒருவர் எங்களிடம் இருந்தார். எல்லாருக்கும் அங்கிள். ஆள் பெரிய உடம்பு. கழிப்பறையிலிருந்து அவரை நாற்காலிக்கு மாற்ற இரண்டு பேர் வேண்டும். தேவி அடுத்த அறையில் யாரோ வாந்தி எடுத்ததைத் துடைத்துக்கொண்டிருந்தாள். நான் கூப்பிட்டுவிட்டு அவர் பக்கத்தில் நின்றேன். அவரால் காத்திருக்க முடியவில்லை. நல்ல காலை ஊன்றி எழப் பார்த்தார். ஈரத் தரையில் கால் வழுக்கியது.

பிடிக்கலாமா என்று யோசிக்க நேரமில்லை. கைகள் தாமாகவே அவர் அக்குளுக்குள் போயின. முழுப் பாரமும் என்மேல் வந்தது. உள்ளே எதுவோ விட்டது. சத்தமில்லாத ஒரு கிழிசல். பிறகு தொடை வழியே சூடாக இறங்கியது.

அங்கிளைக் கீழே விடவில்லை. தேவி ஓடி வந்து அவரை வாங்கிக்கொண்ட பிறகுதான் நான் உட்கார்ந்தேன். அவர் ஒரு கையால் என் தோளைத் தட்டித் தட்டி, "சோரி, சோரி" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். என் கால்சட்டை கறுப்பு. இரத்தம் தரைக்கு வந்தபோதுதான் அவர்களுக்குத் தெரிந்தது.

உள்தையல் ஒரு பக்கம் திறந்திருந்தது. அன்றே மறுபடி தைத்தார்கள். பிறகு தொற்று (கிருமி பரவிய நிலை) வந்தது. காய்ச்சலில் எத்தனை நாள் கிடந்தேன் என்று எனக்கு நினைவில்லை. சேவியர் படுக்கை ஓரம் உட்கார்ந்திருப்பார். எப்போது வேலைக்குப் போகலாம் என்று அவர் அதற்குப் பிறகு யாரிடமும் கேட்டதில்லை.

முதலில் பார்த்த அந்தத் தமிழ் மருத்துவர் வார்டுக்கு வந்தார்.

"என்னக்கா பண்ணீங்க?"

"ஒருத்தரத் தூக்குனேன் டாக்டர்."

"ஏன் தூக்குனீங்க? வயசானவங்கள பாத்துக்கிற வேலைன்னுதானே சொன்னீங்க?"

"பாத்துக்கிறதுன்னா அதுதான். கட்டில்லேர்ந்து தூக்கி நாற்காலியில வைக்கணும், நாற்காலியிலேர்ந்து தூக்கிக் குளிப்பாட்டணும், திரும்பக் கட்டில்ல போடணும். காலையிலேர்ந்து அதான்."

"அப்ப நீங்க இத சொல்லலையேக்கா."

"நீங்க கேக்கலையே டாக்டர்."

இரண்டு பேருமே கோபத்தில் பேசவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டு அவர் சற்று நேரம் நின்றார். நாடி பார்க்கத்தான் என்று நினைத்தேன். அவர் கடிகாரத்தைப் பார்க்கவில்லை.

வேலைக்குத் திரும்புவது பற்றி என்னிடம் கேட்கும் பெண்களுக்கு இந்த இடத்தைத்தான் சொல்கிறேன். உங்கள் வேலையின் பெயரை மட்டும் மருத்துவரிடம் சொல்லிவிட்டு வராதீர்கள். அங்கே உங்கள் உடம்பு என்னென்ன செய்கிறது, எதைத் தூக்குகிறது, எவ்வளவு நேரம் நிற்கிறது, எத்தனை படி ஏறுகிறது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவருக்கு நேரமில்லாவிட்டாலும் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகு அம்மாதான் என்னைக் குளிப்பாட்டினார். ஒரு நாள் முதுகுக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டே சொன்னார்.

"எனக்கும் அடி எறங்கித்தான் கெடக்கு."

எனக்குப் புரியவில்லை. "என்னாம்மா?"

"கர்ப்பப்பை. நீ பொறந்ததுலேர்ந்து. வாளியத் தூக்கையில ஒரு நாளு எறங்கிருச்சு. துணிய மடிச்சு வச்சு இறுக்கிக் கட்டிக்குவேன். எங்க தோட்டத்து லயத்து வீடுகள்ல பாதிப் பொம்பளைங்களுக்கு அப்படித்தான். யாரு வாயத் தொறந்தோம்?"

"அப்பாவுக்குத் தெரியுமா?"

"தெரியாமயா இருக்கும்? அவரு கேட்டதில்ல, நான் சொன்னதில்ல."

நாற்பத்து நான்கு வருடம். அந்தத் துணிக்கட்டோடு அம்மா மாதா கோயில் திருவிழாவில் ஜெபம் முடியும்வரை நின்றிருக்கிறார். என் கல்யாணத்துக்குப் பெரிய அண்டாக்களை இறக்கியிருக்கிறார். நான் திரும்பி அவர் கையைப் பிடித்தேன். சோப்பு வழுக்கியது. கையை உருவிக்கொண்டு மறுபடி தண்ணீர் ஊற்றினார்.

நடக்க முடிந்ததும் அவரை அதே மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். இதயம் பலவீனம், அறுவை தாங்காது என்றார்கள். பெசரி (இறங்கிய கருப்பையைத் தாங்கிப் பிடிக்கும் வளையம்) ஒன்றைப் பொருத்தி அனுப்பினார்கள். வெளியே வந்து நாலைந்து அடி நடந்து பார்த்தார். "இது அப்பவே இருந்திருந்தா…" என்று தொடங்கினார். முடிக்கவில்லை. கார் வரும்வரை என் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

இரண்டாம் முறை நான் யாருடைய அழைப்புக்காகவும் திரும்பவில்லை. ஒரு வேளைச் சமையல் முடிந்த பின்னும் வயிறு இழுக்காமல் இருக்கிறதா என்று பார்த்தேன். சந்தைக்குப் போய் வெறும் பையோடு திரும்பினேன், பிறகு பாதிப் பையோடு. கனமாக உணர்ந்த நாளில் படுத்துக்கொண்டேன். நோயாளிகளைத் தூக்கும் வேலைக்கு இனி போகவே கூடாது என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அந்த வேலையைத் தவிர எனக்கு வேறெதுவும் தெரியாது.

மேடம் என்னைச் சமையலறைக்கு எடுத்துக்கொண்டார். நான் திரும்பிப் போனபோது அங்கிள் இறந்திருந்தார். அவர் கட்டிலில் வேறொருவர் படுத்திருந்தார். தேவி தஞ்சோங் மாலிமில் கார்த் தொழிற்சாலைக்குப் போய்விட்டாள். போவதற்கு முன் அவள் சொல்லிக்கொள்ளவில்லை. நானும் அழைக்கவில்லை.

இப்போது முக்காலியில் உட்கார்ந்து கீரை ஆய்கிறேன், பூண்டு உரிக்கிறேன். முன்பெல்லாம் ஒரு மாதம் முடிந்ததை என் உடம்பே சொல்லிவிடும். இப்போது அது எதுவும் சொல்வதில்லை. மாதங்கள் ஓசையில்லாமல் போகின்றன. நாள்காட்டியைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்கிறேன். எழுந்திருக்குமுன் ஒவ்வொரு முறையும் கை அடிவயிற்றுக்குப் போகிறது. அந்த இடத்தைக் கேட்காமல் நான் இப்போது எதையும் செய்வதில்லை.

சமையலறைச் சுவருக்கு அந்தப் பக்கம்தான் கட்டில்கள். "மிஸ்ஸி! மிஸ்ஸி!" என்று பணிப்பெண்ணை ஒரு பாட்டி கூப்பிடுகிறார். எந்தக் கட்டில் என்று குரலை வைத்தே எனக்குத் தெரியும். எழ முயல்கிறார் என்பதும் தெரியும். எழுவதற்காக என் கால்கள் தாமாகவே தரையில் ஊன்றிவிடுகின்றன. கத்தியை வைத்துவிட்டு, வயிற்றைப் பிடித்தபடி அப்படியே இருக்கிறேன். பணிப்பெண்களின் செருப்புச் சத்தம் இன்னும் கேட்கவில்லை. பாட்டி மறுபடியும் கூப்பிடுகிறார். நான் உட்கார்ந்திருக்கிறேன்.