படம் எடுக்காத பக்கம்

தம்பி ஆஸ்திரேலியாவின் நடுப்பாலைவனத்தில், ஒரு தேசியப் பூங்காவுக்குப் பக்கத்து ஹோட்டலில் சமையல் வேலை செய்கிறான். லீவு நாளில் கமராவைத் தூக்கிக்கொண்டு பூங்காவுக்குள் போய்விடுவான். இங்கே கனடாவில், மல்வேர்னில் நான் காலை பஸ்ஸுக்கு நிற்கும் நேரம் அவனுக்கு அங்கே பொழுது பட்டிருக்கும். அன்றைய படங்கள் ஒவ்வொன்றாக என் போனில் வந்து விழும். செம்மண், வெள்ளைத் தண்டு மரங்கள், பூங்காவுக்குள் தனியே நிற்கும் பெரிய சிவப்புப் பாறை. குளிருக்குள் கையுறையைக் கழற்றிப் பெரிதாக்கிப் பார்ப்பேன். எதிலாவது அவன் இருக்கிறானா என்று தேடுவேன். எப்போதாவது அவனுடைய நிழல் மட்டும் நீளமாக விழுந்திருக்கும்.

அவனைக் கடைசியாக ஊரில் கண்டபோது அவனுக்கு மீசை அரும்பியிருந்தது. நான் கனடாவுக்கு வந்த பிறகு அவன் படகேறி அங்கே போய்ச் சேர்ந்தான். தற்காலிக விசாவோடு அவன் வெளிநாடு எதற்கும் போக முடியாமல் வருடங்கள் கழிந்தன.

பாறையின் ஒரு பக்கம் மட்டும் அவன் படங்களில் வருவதேயில்லை. ஒருநாள் கேட்டேன்.

"அந்தப் பக்கம் எடுக்கக்கூடாதக்கா. இந்த மண்ணின்ர ஆதிச் சனத்துக்கு அது புனிதமான இடம். போர்ட் போட்டிருக்கினம்."

"ஆருக்குத் தெரியப்போகுது? எனக்கு மட்டும் ஒண்டு எடுத்து அனுப்பன்."

"மாட்டனக்கா. பாக்க ஆசையெண்டா வாங்கோ."

எனக்குக் கோபம் வந்தது. வா என்று சொல்வது அவனுக்கு லேசு என்று நினைத்தேன். இரண்டு கிழமை நான் அவனோடு கதைக்கவில்லை. பிறகு வேலையிடத்தில் லீவைச் சேர்த்துவைத்து, அடுத்த வருடம் போனேன்.

விமான நிலையத்தில் நரைத்த தலையோடு ஒருவன் என்னை நோக்கி வந்தான். நடையைப் பார்த்துத்தான் தம்பி என்று தெரிந்தது.

மறுநாள் விடிய, பாறையைச் சுற்றி நடந்தோம். வழியெல்லாம் அவன் நின்று நின்று படம் எடுத்தான். நான் முன்னால் போவதும் காத்து நிற்பதுமாக இருந்தேன். அறிவிப்புப் பலகை வந்ததும் கமராவைப் பைக்குள் வைத்து மூடினான். நானும் போனை உள்ளே வைத்தேன். அதன் பிறகுதான் இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் நடந்தோம்.

கொஞ்சத் தூரம் போனதும் பாதையோரத்தில் இளைப்பாறப் போட்டிருந்த வாங்கு ஒன்றைக் காட்டினான்.

"அம்மா மோசம் போன அண்டைக்கு இதிலதான் வந்து இருந்தனான்."

"எவ்வளவு நேரம்?"

"தெரியேல்லை. வெயில் ஏறுமட்டும்."

ஊரில் நடந்த அம்மாவின் செத்தவீட்டுக்கு நாங்கள் இருவருமே போகவில்லை. அன்றைக்கு நான் வேலைக்குப் போனேன் என்று சொன்னேன். அவன் என் முழங்கையைப் பிடித்துக்கொண்டான். அந்தப் பக்கம் முடியும்வரை விடவில்லை.

திரும்பி வந்து நான்கு வருடமாகிறது. படங்கள் இப்போதும் வருகின்றன. அந்தப் பக்கத்தை மட்டும் நினைவிலிருந்துதான் எடுக்கவேண்டும். பாறையில் மழைநீர் இறங்கிய கறுத்த கோடுகள் தெரிகின்றன, மற்றவை மங்கிவிட்டன. அவன் கையின் சூடு மங்கவில்லை.

இப்போது அவனுக்கு நிரந்தர விசா கிடைத்துவிட்டது. இங்கே வந்துபோக விண்ணப்பித்தோம், ஒருமுறை மறுத்துவிட்டார்கள். திரும்பவும் போட்டிருக்கிறோம். பக்கத்து அஜின்கோர்ட் கடையொன்றில் அவனுக்குக் குளிர் ஜக்கெட் ஒன்று வாங்கி அலுமாரியில் தொங்கவிட்டிருக்கிறேன். தோள் அளவு சரியாக இருக்குமோ தெரியாது.