பயப் பிரிவின் தலைவி

மார்த்தா அக்காவுக்குப் பாலத்தைக் கண்டால் பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் எங்கள் வட்டத்தில் எல்லோருக்கும் தெரிந்த இந்தச் சங்கதியை ஒருவரும் வாய் திறந்து சொல்லாமல் வருடக்கணக்காக ஓட்டினோம். மன்னார்த் தீவில் இருந்துகொண்டு பாலத்துக்குப் பயப்படுவதென்றால் சும்மாவா? தீவையும் பெருநிலத்தையும் இணைப்பது அந்த ஒரு பாலமும் அதையொட்டிக் கடலுக்குள்ளே போகிற ரோட்டும்தான். அதற்குப் பயந்தால் வவுனியா இல்லை, யாழ்ப்பாணம் இல்லை, மடு மாதா கோயில்கூட இல்லை. ஆவணித் திருவிழாவுக்குத் தீவே திரண்டு மடுவுக்குப் போகும்போது, அக்கா மட்டும் "எனக்கு வெயில் ஒத்துக்கொள்ளாது" என்று வீட்டிலிருந்து செபமாலை சொல்லுவார். பேசாலைக் கரையில் கருவாடு காயப்போட்டு வளர்ந்த மனுசிக்கு வெயில் ஒத்துக்கொள்ளாதாம்!

இதில் பெரிய வேடிக்கை என்னவென்றால், மற்றவர்களின் பயத்தைப் போக்குவதுதான் அக்காவின் தொழில். அவர் உளவளத்துணையாளர். சண்டை ஓய்ந்த காலத்தில் பயிற்சி எடுத்து, ஊர் ஊராகப் போய் அழுகிறவர்களுக்குப் பக்கத்தில் இருந்து கேட்டவர். கேட்பதென்றால் அப்படி ஒரு கேட்பு. தலையைக் கொஞ்சம் சாய்த்து, "ம்ம்… இப்ப உங்கட மனசில என்ன ஓடுது?" என்பார். பழக்கதோசத்தில் சந்தையிலும் இதே கேள்விதான். விளைமீனுக்கு விலை பேசும்போது ஒருநாள் மீன்காரியிடம் கேட்டுவிட்டார். "மனசில ஒண்டும் ஓடேல்ல அக்கா, நீங்கள் வாங்கினா நான் அடுத்த ஆளைப் பாக்கலாம் எண்டுதான் ஓடுது" என்று அவள் சொன்னாள். அக்கா அதற்கும் தலையைச் சாய்த்து "ம்ம்" என்றார்.

நான் சிவராசா. உளநலப் பிரிவில் தாதி உத்தியோகத்தன். அடம்பனில் வீடு, மன்னாரில் வேலை. ஆகவே அந்தப் பாலத்தை நாளுக்கு இரண்டு தடவை கடக்கிறவன். அக்காதான் என்னை 'மன்னார் உளநலத் துறையினர் வட்டம்' என்ற அமைப்பில் இழுத்துவிட்டார். தொடங்கியதும் அவர்தான். டொக்டர் பரமநாதன், உளவளத்துணையாளர் ஸுஹறா, நான், அக்கா, பிறகு ஆராய்ச்சிக்கென்று புத்தளத்திலிருந்து வந்த நுஃமான். இவ்வளவுதான் ஆட்கள். ஆனால் ஆர்வத்துக்கு அளவில்லை. வட்டத்துக்குள்ளே துக்கப் பிரிவு, பயப் பிரிவு, குடிப்பழக்கப் பிரிவு என்று தனித்தனிக் குழுக்கள். சனிக்கிழமை பின்னேரம் துக்கப் பிரிவு கூடும். அது முடிந்ததும் அதே ஆட்கள் எழும்பி, கதிரைகளை மாற்றிப் போட்டு இருந்தால் பயப் பிரிவு. தேத்தண்ணி குடித்துவிட்டு வந்தால் குடிப்பழக்கப் பிரிவு. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு தலைவர். பயப் பிரிவுக்குத் தலைவி யாரென்று நினைக்கிறீர்கள்? அக்காவேதான்.

எங்களிடம் உதவி தேடி வருகிறவரைத் துணைநாடி என்போம். கூட்டத்தில் ஒவ்வொருவரும் ஒரு துணைநாடியின் கதையைச் சொல்லி மற்றவர்களிடம் ஆலோசனை கேட்க வேண்டும். பெயர், ஊர், தொழில் மூன்றையும் கட்டாயம் மாற்ற வேண்டும். தீவு சின்னது பாருங்கள். "பேசாலையில் இரண்டு பெண்பிள்ளைகளும் நாலு வள்ளமும் உள்ள ஒரு சம்மாட்டியார்" என்று வாய் திறந்தால் போதும், ஆளின் நாய்க்குட்டியின் பெயர் வரைக்கும் எல்லோருக்கும் விளங்கிவிடும். அதனால் அக்கா ஒரு வழக்கத்தைக் கொண்டுவந்தார். எல்லாத் துணைநாடிகளும் மலைநாட்டில் இருக்கிற நுவரெலியாக்காரர். எல்லா மீனவர்களும் தேயிலைத் தொழிற்சாலை உத்தியோகத்தர்.

சொல்ல நல்லாய்த்தான் இருக்கும். ஆனால் கதை சூடுபிடித்தால் ஊர் நடுவிலே எட்டிப் பார்க்கும். "அந்தத் தேயிலைத் தொழிற்சாலை உத்தியோகத்தர், சோளகக் காற்றுப் பெயர்ந்ததால் தொழிலுக்குப் போகாமல், வலை பொத்திக்கொண்டு இருந்தவர்" என்று ஸுஹறா ஒருநாள் சொன்னார். டொக்டர் சொன்னது இன்னும் விசேஷம். நித்திரையே வராத ஒரு அதிகாரியைப் பற்றிச் சொல்லிக்கொண்டு வந்தவர், "விடிய விடியக் கழுதைகள் கத்துற சத்தத்தைக் கேட்டுக்கொண்டு படுத்திருப்பாராம்" என்றுவிட்டார். நுவரெலியாவில் கழுதை! மன்னார்த் தெருக்களில்தான் கழுதைகள் குடும்பத்தோடு உலாவும். நான் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்தேன், ஸுஹறா முந்தானைக்குள் முகத்தை வைத்துக்கொண்டு இருமினார். சிரிப்பது தொழில் தர்மம் இல்லை. ஆனால் நுஃமான் தம்பி மட்டும், ஏன் நுவரெலியாவில் இவ்வளவு மனக்கவலை என்று தனியாக ஒரு ஆராய்ச்சி செய்ய யோசித்துக்கொண்டிருந்தார்.

இனி அக்காவின் கதைக்கு வருகிறேன். அவரது கணவர் அமிர்தநாயகம் மாஸ்டர் இருந்த காலத்தில் அவரோடு சேர்ந்து எப்படியோ பாலம் கடந்து வேலைக்குப் போய்வந்தார். மாஸ்டர் மாரடைப்பில் போனபிறகு ஒருதடவைகூடக் கடக்கவில்லை. வவுனியாவில் பயிற்சி என்றால் அக்காவுக்குக் காய்ச்சல். யாழ்ப்பாணத்தில் மாநாடு என்றால் முழங்கால் வலி. எங்களுக்கு விளங்காமலா? விளங்கியது. ஆனால் ஆள் தானாகச் சொல்லும்வரை நாங்கள் கிண்டக்கூடாது என்று எங்களுக்குப் படிப்பித்தவரே அக்காதான். அவர் படிப்பித்ததை அவரிலேயே கடைப்பிடித்தோம், வேறென்ன செய்வது.

அக்காவின் ஒரே மகள் மாக்கிறட் கல்யாணம் முடித்து வவுனியாவில் இருக்கிறாள். முதல் பிள்ளைப்பேற்றுக்குத் தாய்வீட்டுக்கு வருவதாகத்தான் பேச்சு. அக்கா தொட்டில்கூட எடுத்துத் துடைத்து வைத்துவிட்டார். ஏழாம் மாதத்தில் மகளுக்குப் பிரஷர் ஏறிவிட்டது. பயணம் செய்யக்கூடாது, அங்கேயே ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். "அம்மா, நீங்கள் எப்ப வாறியள்?" என்று மகள் ஒவ்வொரு நாளும் போன் எடுப்பாள். "வாறன் பிள்ளை, இன்னும் நாள் கிடக்குத்தானே" என்று அக்காவும் ஒவ்வொரு நாளும் சொல்லுவார்.

அந்த மாதம் பயப் பிரிவு கூடியபோது அக்கா தானே ஒரு துணைநாடியைக் கொண்டுவந்தார்.

"நுவரெலியாவில ஒரு மனுசி," என்று தொடங்கினார். "தபால் கந்தோரில வேலை செய்து ஓய்வு பெற்றவ. புருசன் இல்லை. அவவுக்கு ரயில் போற சுரங்கப்பாதை எண்டால் பயம். சுரங்கத்துக்கு அங்காலதான் மகள் இருக்கிறாள். மகளுக்குப் பிள்ளை பிறக்கப் போகுது."

டொக்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சுரங்கத்துக்குள்ள என்னெண்டு பயம் வருமாம்?" என்று ஸுஹறா மெல்லக் கேட்டார்.

"காத்து. ரெண்டு பக்கமும் தண்ணி. வாகனம் அப்பிடியே தூக்கி எறியப்படும் போல…" அக்கா நிறுத்திவிட்டு, "சுரங்கத்துக்குள்ள தண்ணி ஊறுமாம்" என்று சேர்த்துக்கொண்டார்.

"ஊறும், ஊறும்" என்றேன் நான்.

"முந்தி புருசனோட போவா. அவர் யன்னல் பக்கம் இருந்து பேப்பரை அகல விரிச்சுப் பிடிப்பார். வெளியில ஒண்டும் தெரியாது. மரண அறிவித்தல் பக்கம்தான் இவவின்ர முகத்துக்கு நேர வரும். எண்டாலும் அவவுக்கு அது பரவாயில்லையாம்." அக்கா சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை.

டொக்டர் தொண்டையைச் செருமினார். "படிப்படியாப் பழக்கலாம் எண்டு எங்களுக்குத் தெரியும். ஆனால் அதுக்கு நாள் காணாது. முதல் தடவைக்கு ஆரும் கூடப் போனால் நல்லம்."

"அவவுக்கு ஒருத்தரும் இல்லை டொக்டர்."

"அப்பிடி இருக்காது அக்கா," என்றார் ஸுஹறா. "நுவரெலியாவில மனுசரே இல்லையோ?"

அந்த நேரம் பார்த்து எங்கள் நுஃமான் தம்பி உற்சாகமாகக் கையை உயர்த்தினார். "மிஸ், எனக்கு நுவரெலியாத் தபால் கந்தோரில ஒரு கூட்டாளி இருக்கார். ஆள் ஆரெண்டு விசாரிச்சு, நானே அங்க போய்க் கூட்டிக்கொண்டு போகட்டுமா?" ஸுஹறா மேசைக்குக் கீழே அவருடைய காலை மிதித்ததை நான் கண்டேன். அவர் "ஆ!" என்றாரே தவிர அவருக்கு ஒன்றும் விளங்கவில்லை.

பிறகு நடந்ததை ஸுஹறாதான் கவனித்தார். அக்கா பையோடு பஸ் நிலையம் வரை வந்து, வவுனியா பஸ் புறப்படும்வரை பார்த்துக்கொண்டு நின்று, திரும்பி வீட்டுக்குப் போயிருக்கிறார். அடுத்த நாளும் அப்படியே. அதற்குள் மாக்கிறட்டை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டார்கள், புதன்கிழமை சத்திரசிகிச்சை. செவ்வாய்க்கிழமை தவறினால் மகள் கண் விழிக்கும்போது பக்கத்தில் தாய் இருக்கமாட்டார். அவ்வளவுதான் விஷயம்.

செவ்வாய் காலை அக்கா பையோடு வந்தபோது நான் பஸ்ஸடியில் நின்றேன்.

"என்ன தம்பி, வேலைக்குப் போகேல்லையோ?"

"ஒரு அலுவலா அடம்பனுக்குப் போறன் அக்கா." அடம்பனிலிருந்துதான் முதல் பஸ்ஸில் வந்து இறங்கியிருந்தேன் என்பது வேறு கதை.

டொக்டர் வந்தார். கார் கராஜில் நிற்கிறதாம். அந்தக் கார் எதிரே வேப்பமரத்தின் கீழ் நின்றது, அதன் முன்சில்லை ஒரு கழுதை முகர்ந்துகொண்டிருந்தது. ஸுஹறா முருங்கனில் யாரையோ பார்க்கப் போகிறாராம். கடைசியில் நுஃமான் மூச்சு வாங்க ஓடிவந்தார். ஸுஹறா அவருக்கு எல்லாவற்றையும் விளக்கியிருக்க வேண்டும். ஆள் அக்காவின் முகத்தைப் பார்க்கவே கூச்சப்பட்டார்.

ஒவ்வொருவர் கையிலும் ஒரு பேப்பர்.

அக்கா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். ஏறினார். அக்காவுக்குப் பக்கத்தில் யன்னலோரம் நான் இருந்தேன். முன்னுக்கு டொக்டர், பின்னுக்கு ஸுஹறா, மறுபக்கம் நுஃமான். பஸ் பாலத்தடிக்கு வந்ததும் நாலு பேரும் ஒரேயடியாகப் பேப்பரை விரித்தோம். நுஃமான் ஆங்கிலப் பேப்பர் கொண்டுவந்திருந்தார், அதுதான் அகலமாம். கெட்டிக்காரன். கொண்டக்டர் வந்து பார்த்துவிட்டு, "என்ன ஐயா, சோதனைக்குப் படிக்கிறியளோ?" என்றான். டொக்டர் பேப்பருக்குப் பின்னாலிருந்தே காசை நீட்டினார்.

சோளகக் காலம். நடுக்கடல் ரோட்டில் காற்று பஸ்ஸைப் பிடித்து ஒரு உலுப்பு உலுப்பியது. என் கையிலிருந்த பேப்பர் படபடவென்று அடித்து, நடுவால் கிழிந்து, யன்னலுக்கு வெளியே போய்விட்டது. அங்கே கடல். வானம் தொடும்வரைக்கும் கடல்தான்.

நாசமாய்ப் போன பேப்பர்! நான் கையை விரித்து யன்னலை மறைக்கப் பார்த்தேன். அக்கா என் கையைப் பிடித்துக் கீழே இறக்கினார்.

"தம்பி."

"சொல்லுங்கோ அக்கா."

"அது நுவரெலியா மனுசி இல்லை. நான்தான். எனக்குப் பயமாக் கிடக்கு."

"தெரியும் அக்கா."

"இவள் மாக்கிறட்டைக் கைப்பிள்ளையா வைச்சுக்கொண்டு, சண்டையில பழைய பாலம் உடைஞ்ச நேரம் இந்தத் தண்ணிக்குள்ள இறங்கி வந்தனான். இடுப்பளவு தண்ணி. ஒரு இடத்தில கால் வழுக்கிப் பிள்ளை கையை விட்டுப் போகப் பாத்தது. ஒரு நிமிசம்தான். அந்த ஒரு நிமிசம் இன்னும் முடியேல்ல." அக்கா அழுதார். நானும் அழுதேன், வெட்கம் என்ன இருக்கிறது. முன்னுக்கும் பின்னுக்கும் பேப்பர்கள் மெல்ல மெல்ல மடிந்தன.

நான் தலையைக் கொஞ்சம் சாய்த்து, "ம்ம்… இப்ப உங்கட மனசில என்ன ஓடுது?" என்று கேட்டேன்.

அக்கா கண்ணீரோடு என் தோளில் ஓங்கி ஒரு அடி போட்டார். "இன்னும் எவ்வளவு தூரம் எண்டு ஓடுது, விசரா!"

தூரமே இல்லை. பஸ் கரையேறிவிட்டது.

வவுனியா வரை வருகிறோம் என்றோம், அக்கா விடவில்லை. "இனி நிலம்தானே, நான் போவன். உங்களுக்குக் கந்தோர் இல்லையோ?" என்று தலைவிக்குரிய அதட்டலோடு எங்களை அடுத்த சந்தியில் இறக்கிவிட்டார். அடுத்த நாள் பெண்பிள்ளை பிறந்தது, தாயும் சேயும் சுகம். அக்கா இப்போது பேத்தியைப் பார்க்க மாதா மாதம் போகிறார். போகும்போது சாரதி பாலத்தில் மெதுவாக ஓட்டுகிறான் என்று ஏசுகிறாராம்.

ஆனால் சந்தியில் நடந்ததைச் சொல்லாமல் முடிக்க ஏலாது. அக்காவின் பஸ் மறைந்தபிறகு நாங்கள் நாலு பேரும் மன்னார் பஸ்ஸுக்காக ரோட்டோரம் நின்றோம். கண்ணுக்குள் மண் அடித்தது. நல்ல வேலை செய்துவிட்டோம் என்ற பெருமையில் நான் பகிடி விட்டுக்கொண்டிருந்தேன். டொக்டர் சிரிக்கவில்லை.

"சிவராசா," என்றார். "போன வருசம் நித்திரை வராத ஒரு ஆளைப் பற்றிச் சொன்னனான், ஞாபகம் கிடக்கோ?"

"கழுதை கத்துற நுவரெலியாவோ? மறப்பனோ டொக்டர்!"

"இப்பவும் வாறேல்ல," என்றார். "நித்திரை."

டொக்டரின் குவாட்டர்ஸ் வாசலில்தான் கழுதைகள் படுக்கும். அது ஊருக்கே தெரியும். அன்றைக்குச் சிரிப்பை அடக்குவதிலேயே நாங்கள் எல்லோரும் கவனமாக இருந்துவிட்டோம்.

தூரத்தில் மன்னார் பஸ் வந்தது. நுஃமான் கையைக் காட்டப் போனார். ஸுஹறா அவரது கையைப் பிடித்து இறக்கினார்.

"அது போகட்டும்," என்றார். "அடுத்ததில போவம். நீங்கள் சொல்லுங்கோ டொக்டர்."