மண்ணாங்கட்டி சிஸ்டரும் ஏழாம் நம்பர் நெத்திலியும்

உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கியபடி மண்ணாங்கட்டி சிஸ்டர் இன்குபேட்டருக்கு முன் குனிந்து நிற்கிறார். கண் மானிட்டரில் இல்லை, குழந்தையின் வயிற்றில் இருக்கிறது. மூச்சு இழுக்கும்போது விலாவுக்கு அடியில் பள்ளம் விழுகிறதா, மூக்குத் துவாரம் விரிகிறதா என்று ஒரு முழு நிமிடம் பார்ப்பார். கூட வேலை செய்கிறவர்களிடம், "மெஷினாண்ட அப்பால கேட்டுக்கலாம். மொதல்ல கொயந்தைய கேளு" என்பார்.

அபிராமபுரத்து மருத்துவமனை ஒன்றின் குறைமாதக் குழந்தைகள் பிரிவில் அவருக்கு இருபத்திரண்டு வருட வேலை. வீடு பட்டினப்பாக்கம்; அம்மா மீன் விற்றவர். முன்னால் பிறந்த இரண்டும் தங்காமல் போனதால், இதையாவது எமன் கண்டுகொள்ளாமல் விடட்டும் என்று மூன்றாவதுக்கு இந்தப் பெயரை வைத்தார்கள். மாற்றிக்கொள்ளச் சொல்கிறவர்களிடம், "இன்னாத்துக்கு? நல்லாத்தான வேல செஞ்சிக்கீது" என்று சிரிப்பார்.

குழந்தைகளுக்கு அவர் வைக்கிற பெயர்களும் கரையிலிருந்து வந்தவைதான். ஒரு கிலோவுக்குக் கீழே இருந்தால் நெத்திலி. தாண்டினால் சங்கரா. வீட்டுக்குப் போகிற நாளில் வஞ்சிரம். மீன் வாசனையே ஆகாத மயிலாப்பூர் டாக்டர் வெங்கடரமணன்கூட, ரவுண்ட்ஸ் வரும்போது "ஏழாம் நம்பர் நெத்திலி எப்படி இருக்கான்?" என்றுதான் கேட்கிறார்.

ஏழாம் நம்பர் இன்குபேட்டரில் இருப்பது ஜைதூன் பீயின் மகன். ஆறு மாதத்திலேயே பிறந்துவிட்டான். எடை எழுநூற்றெண்பது கிராம். தொண்டையில் செருகிய குழாய் வழியாக மெஷின்தான் மூச்சு கொடுத்தது. அதை டாக்டர் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்துக்கொண்டு வர, மீதியை அவன் தானே இழுத்துப் பழக வேண்டும். பதினோராம் நாள் குழாயை எடுத்தார்கள். அழக்கூடத் தெம்பில்லாமல் நாலு மணி நேரம் தாக்குப்பிடித்தான். பிறகு உதடு நீலம் பாய்ந்தது, மறுபடி குழாய். அன்றைக்கு ஜைதூன் பீ ஒரு வாய் சாப்பிடவில்லை. சிஸ்டரின் டிபன் பாக்ஸும் திறக்கப்படாமலே வீடு திரும்பியது.

போன வியாழக்கிழமை டாக்டர், "இன்னைக்கு எடுத்துப் பார்க்கலாமா?" என்றார்.

"வேணாம் சார். காலைலேர்ந்து பாலு செரிக்கல, வயிறு உப்பிக்கினு கீது. ரெண்டு நாள் குடுங்க."

டாக்டர் மானிட்டரைப் பார்த்தார். எல்லா எண்களும் சரியாகத்தான் இருந்தன. சிஸ்டரின் முகத்தையும் ஒருமுறை பார்த்தார். "சரி, சனிக்கிழமை" என்றார்.

சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் குழாய் வெளியே வந்தது. மூக்கில் காற்றைத் தள்ளும் சின்னக் குழாயை மாட்டினார்கள். அது துணைக்குத்தான், மூச்சை அவன்தான் இழுக்க வேண்டும். ஏழெட்டு மூச்சு ஒழுங்காக வந்தது. பிறகு வயிறு அசையாமல் நின்றது. அலாரம் கத்தியது. டாக்டரின் கை தட்டிலிருந்த புதுக் குழாயை நோக்கிப் போனது.

சிஸ்டர் விரல் நுனியால் குழந்தையின் உள்ளங்காலைச் சுண்டினார். "இன்னா நைனா, மறந்துட்டியா? இழு. இழு ராஜா." இன்னொரு சுண்டு. வயிறு எழுந்தது. இறங்கி, மறுபடி எழுந்தது. டாக்டர் கையை இழுத்துக்கொண்டார். கிழவனைப் போல நெற்றியைச் சுருக்கி, காலை உதைத்து, பையன் அழுதான்.

தொண்டைக்குள் குழாய் இருக்கும்வரை குழந்தை அழுதாலும் சத்தம் வராது. இருபத்துமூன்று நாளாக மகனின் வாய் கோணுவதை மட்டும் பார்த்திருந்த ஜைதூன் பீ, பச்சை அங்கியும் மாஸ்க்குமாகச் சுவரோரம் நின்றிருந்தாள். பூனைக்குட்டி கத்துவதுபோல மெல்லிய, கரகரத்த குரல் கேட்டு, வரிசையாக இருந்த இன்குபேட்டர்களைத் திரும்பித் திரும்பிப் பார்த்தாள்.

"சிஸ்டர், யார் கொயந்த அழுவுது?"

மண்ணாங்கட்டி சிஸ்டர் ஏழாம் நம்பரின், கை நுழைக்கிற வட்டக் கதவை இன்னும் அகலமாகத் திறந்துவைத்துவிட்டு, அவளுக்கு வழிவிட்டு ஒதுங்கி நின்றார்.