செங்கல்வராயன் வீட்டு நாற்று

சிங்கப்பெருமாள் கோயில் பக்கத்தில் ரயில்வே கேட்டைத் திறந்து மூடுவது செங்கல்வராயனுக்கு வேலை. தண்டவாளத்து ஓரம் திரிந்த ஆடுகளோ எந்தக் கேட்டையும் மதிக்கவில்லை. இரண்டு தடவை அவர் விட்ட கத்தரி நாற்றை அடியோடு மேய்ந்துவிட்டன. எழுபத்து நாலாம் வருஷம் ஆடியில், ஆத்திரம் தாங்காமல் விதையை வீட்டுக்குள்ளேயே போட்டார்.

கொட்டாங்குச்சிகளில் மண்ணும் எருவும் நிரப்பிக் கத்தரி, தக்காளி, மிளகாய். இருந்ததோ ஒரே அறை. கட்டில், பெஞ்சு, நாற்காலி எல்லாம் நாற்றுக்குப் போயின. மனைவி முனியம்மா சுவரோரமாக ஒருக்களித்து நடக்கப் பழகினாள். புழுக்கமான மதியங்களில் அவர் பச்சைக் கொடியால் நாற்றுக்கு விசிறினார்.

ஆவணியில் மகள் லோகநாயகியைப் பெண் பார்க்கக் கருங்குழியிலிருந்து ஐந்து பேர், சொன்னதற்கு ஒரு நாள் முன்னதாகவே வந்து நின்றார்கள். அவள் பழைய புடவையில் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள்.

"இன்னாங்க இது, குந்த எடமே இல்ல?" என்றார் மாப்பிள்ளையின் அப்பா காசிநாதன்.

"ஆளுக்கு நாலு மடியில வெச்சிகினு குந்துங்க," என்றார் செங்கல்வராயன்.

குந்தினார்கள். காபி வாங்கக் கை இல்லை. முனியம்மாவுக்கு அழுகை வந்தது.

காசிநாதன் கத்தரி பயிரிடுகிறவர். மடியிலிருந்த நாற்றை உற்றுப் பார்த்தவர் பதறிப்போனார்.

"வெயிலே காட்டலியா? ஜன்னலப் பாத்துக் கழுத்த நீட்டிகினு கீதே! இன்னிக்கே நடணும். மம்டி எங்க?"

"கல்யாணப் பேச்சு..." என்று முனியம்மா இழுத்தாள்.

"அது எங்கம்மா ஓடப்போவுது? வெயில் இல்லாம மோடம் போட்டுகினு கீது, இதான் நல்ல நேரம்."

சாயங்காலம் வரை நட்டார்கள். மாப்பிள்ளை பூவராகவன் வேட்டியை மடித்துக் கட்டிக் குழி பறித்தான். அவனுடைய அத்தை பட்டுப்புடவையோடு சிவப்புக் கொடியை வீசி ஆடுகளை விரட்டினாள். கடைசியாக முள்வேலி போட்டுவிட்டு, ஆறு மணி பஸ்ஸைப் பிடிக்க எல்லோரும் ஓடினார்கள்.

பஸ் புறப்பட்ட பிறகுதான் காசிநாதன் தலையில் கை வைத்தார்.

"அடடே, பொண்ணப் பாக்காமலே வந்துட்டமே!"

"நான் பாத்துட்டேன் நைனா," என்றான் பூவராகவன். "கொடங் கொடமா தண்ணி ஊத்திகினு இருந்திச்சே, அதான்."

"அதுவா? வேலைக்கு வந்த பொண்ணுன்னு நெனச்சி, சுருக்கா ஊத்துன்னு ரெண்டு வாட்டி அதட்டுனேனே!"

"அதுவும் உன்ன ஒரு வாட்டி அதட்டிச்சி. வேர மிதிக்காதன்னு."

காசிநாதன் யோசித்துப் பார்த்தார். மிதித்தது உண்மைதான். மறுநாளே சம்மதம் சொல்லிக் கடிதம் போட்டார். அதில் முதல் நாலு வரியும் நாற்றுக்கு எப்போது தண்ணீர் விடவேண்டும் என்பதைப் பற்றியது.